38 சிங்கம் வேணாம், ஆளுக்கொரு கோணல் புலி போதும்

கமிட்டி தலைவர் அண்ணனுக்கும், கமிட்டியில உள்ள மத்தவங்களுக்கும், நம்ம பாலர்பள்ளி பிள்ளைங்களோட அம்மா அப்பா தாத்தா பாட்டி எல்லாருக்கும் வணக்கம்.

மீட்டிங்ல பேசலாம்னுதான் இருந்தேன். ஆனா மீட்டிங்ல நான் வாயத் தொறந்தா ரெண்டு நிமிசத்துல யாராச்சும் "சரி டீச்சர் பாத்துக்கலாம்"னு சொல்லி தேத்தண்ணி ஊத்த போயிருவீங்க, அதனால எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், கோவிச்சுக்காதீங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்சாப் குரூப்ல மெசேஜ் பாத்தேன். இந்த வருசக் கண்காட்சிக்கு வனவிலங்குதான் தலைப்பு, அதுக்காக ஆன்லைன்ல கைவேலை கிட் ஒன்னு 9 வெள்ளி 90 காசுன்னு 38 பிள்ளைங்களுக்கும் வாங்கப் போறோம்னு போட்டிருந்தீங்க, கீழயே படமும் இருந்துச்சு, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, பெரிய காது யானை, எல்லாம் மெஷின்ல வெட்டி ரெடியா இருக்கு, பின்னாடி ஸ்டிக்கர உரிச்சு நம்பர் பாத்து ஒட்டுனா முடிஞ்சு போச்சு. உடனே கட்டைவிரலா வந்து விழுந்துச்சு குரூப்ல. நல்ல மனசோடதான் செய்யறீங்க, எனக்கு வேலை மிச்சம்னும் நெனச்சிருப்பீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வேணாம்ணே. தயவு செஞ்சு ஆர்டர் போட்றாதீங்க.

ஏன்னு சொல்றேன். அந்தக் கிட்டுல பிள்ளை செய்யற வேலை என்ன? உரிக்கறது, ஒட்டுறது. பத்து நிமிசம். வெட்டுறது அவன் இல்ல, நிறம் எடுக்கறது அவன் இல்ல, காது எங்க வரணும்னு யோசிக்கறதும் அவன் இல்ல. 38 சிங்கமும் ஒரே மூஞ்சியோட செவுத்துல இருக்கும், நீங்க வந்து "என் பிள்ளையோடது எது டீச்சர்"னு கேப்பீங்க, நான் பின்னாடி எழுதுன பேரத் திருப்பிப் பாத்துத்தான் சொல்லணும்.

இன்னொன்னு, அதுல இருக்கற ஒரு மிருகமும் நம்ம மலேசியாவுது இல்ல. சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் ஜூவுல இருந்தா உண்டு. யானை நம்மகிட்ட இருக்கு, ஆனா படத்துல இருக்கறது ஆப்பிரிக்கா யானை, தோளையே மூடற மாதிரி காது. நம்ம யானைக்கு காது சின்னது, நெத்தியில ரெண்டு மேடு இருக்கும், பொம்பள யானைக்கு வெளிய தெரியற மாதிரி தந்தம் இருக்காது. குளுவாங் மெர்சிங் ரோட்டுல தெனம் போறவங்களுக்கு நான் இதச் சொல்லணுமா? மஞ்ச போர்டுல யானை படம் போட்டு வச்சிருக்கற ரோட்டுல பஸ்ல வர்ற பிள்ளைக்கிட்ட போயி ஆப்பிரிக்கா யானையக் குடுத்து "இதுதான் யானை, ஒட்டு"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

போன வருசம் நடந்தத சொல்றேன், பேரு சொல்ல மாட்டேன், பையனோட அப்பா செம்பனை, அதான் எண்ணெய்ப்பனைப் பழம் ஏத்தற லோரி ஓட்டுறாரு. யானை செய்யலாம்னு ஆளுக்கொரு பெட்டி, நாலு அட்டை ரோல், சாம்பல் கலர் குடுத்தேன். எல்லாரும் பெட்டிய உடம்பா வச்சாங்க, இவன் மட்டும் நாலு ரோல நிக்க வச்சு ஒட்டிட்டு, சாம்பல் பூசிட்டு, முடிஞ்சது டீச்சர்னு வந்து நிக்கறான். உடம்பு எங்கடான்னேன். "மேல இருட்டு டீச்சர், லோரி லைட்டுல காலுதான் தெரிஞ்சுச்சு"ன்னான். அப்பாவோட விடியக்காலம் லோரியில போனப்ப பாத்திருக்கான். நான் பதினோரு வருசமா டீச்சரா இருக்கேன், இவ்ளோ சரியான யானைய நான் பாத்ததே இல்ல. அந்த நாலு காலு இன்னும் என் அலமாரி மேலதான் நிக்குது. இத எந்தக் கிட்டுல வாங்குவீங்க?

கொஞ்சம் பழங்கத. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பிள்ளைங்களப் பாத்துக்கற ஆயாக்கொட்டாயில வேலை பாத்தவங்க. பால்வெட்டுக்குப் போறவங்க இருட்டோட பிள்ளைங்கள கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க, அம்மாகிட்ட கம்மும் கெடையாது கலரும் கெடையாது, ஒரு மரப்பெட்டி நெறைய ரப்பர் கொட்டை மட்டும் இருக்கும். அதுல ஈர்க்கு குத்தி ஆமை, வண்டு, பன்னின்னு பிள்ளைங்களாவே செய்யும். ரப்பர் கொட்டைய சிமெண்டுத் தரையில தேச்சு பக்கத்துல உள்ளவன் கையில சூடு வைக்கறதும் நடக்கும், அது வேற விசயம், நீங்களும் வச்சிருப்பீங்க, வாங்கியிருப்பீங்க. இப்ப பால்மரமெல்லாம் போயி செம்பனை வந்தாச்சு, ஆயாக்கொட்டாய் போயி பாலர்பள்ளி வந்தாச்சு, பிள்ளைங்க விரல் மட்டும் அதே விரல்தான்.

விரலுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, "டீச்சர் என்ன எப்ப பாத்தாலும் பேப்பர் கிழிச்சுக்கிட்டே இருக்கீங்களாம், எழுத்து எப்ப சொல்லிக் குடுப்பீங்க"ன்னு ரெண்டு மூனு பேரு கேட்டீங்க. கிழிக்கறதும் கசக்கறதும் உருட்டுறதும்தான் எழுத்துக்கு மொத பாடம். நாலு வயசுப் பிள்ளைக்கு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து புடிக்கற பலம் இன்னும் முழுசா வந்திருக்காது, அந்த பலம் இல்லாம பென்சிலக் குடுத்தா முஷ்டியில புடிச்சு பேப்பரே கிழியற மாதிரி அழுத்தும், அஞ்சு நிமிசத்துல கை வலிக்குதுன்னு அழும். மொதல்ல கிழிக்கட்டும், அப்பறம் கத்தரிக்கோல்ல சும்மா ஓரத்த நறுக்கட்டும், அப்பறம் நேர்கோடு, வட்டம் வெட்டுறதெல்லாம் கடைசி. அரசாங்கத்தோட 2017 பாலர்பள்ளி பாடத்திட்டத்துலயே உடல் வளர்ச்சியும் அழகியலும் ஒரே பிரிவுக்குள்ள வந்துச்சு, நான் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல.

புலிக்கு இதுதான் சரியா வரும். ஆரஞ்சு கலர் பூசுன பேப்பர் மேல கருப்புப் பேப்பர நீளநீளமா கிழிச்சு ஒட்டணும், வெட்டக் கூடாது, கிழிக்கணும். கிழிச்சா ஓரம் பிசிறா வரும், புலியோட வரியும் அப்படித்தான் இருக்கும். ஒரு புலியோட வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம்ம கைரேகை மாதிரி, காட்டுல கேமரா வச்சு எண்ணுறவங்க அந்த வரிய வச்சுத்தான் இது வேற அது வேறன்னு கண்டுபிடிக்கறாங்க. அப்ப கோணலா ஒட்டுன 38 புலியும் சரியான புலிதானே? 2016லேந்து 2020 வரைக்கும் காடு காடா எண்ணிப் பாத்துட்டு, மலேசியத் தீபகற்பத்துல 150க்கும் கம்மியாத்தான் புலி மிச்சம்னு சொன்னாங்க. ஜாதா நெகாராவுல, அதான் நம்ம நாட்டுச் சின்னத்துல, கேடயத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்குதே அதே புலி. இத பிள்ளைங்ககிட்ட அழுதுக்கிட்டு சொல்ல வேணாம், ஆனா நம்ம பாலர்பள்ளியில 38 புலி செஞ்சா கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு, அத செவுத்துல வரிசையா மாட்டி எண்ண வச்சா பிள்ளைங்களுக்கே புரியும் அது எவ்ளோ கொஞ்சம்னு. எண்ணிக்கை பாடமும் ஆச்சு பாருங்க.

சரி, இப்ப கொஞ்சம் கசப்பான விசயம். ரெண்டு வருசம் முன்ன வெளிய ஒரு கைவேலைப் போட்டிக்கு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனோம். எங்க, யாரு நடத்துனதுன்னு வேணாம். ஆறு வயசு பிரிவு. மொத பரிசு வாங்குனது ஒரு புலி, துணியில, ஹாட் குளூ கன்ல ஒட்டி, மீசைக்கு தூண்டில் நரம்பு, வாலுக்கு உள்ள கம்பி, கடையில வச்சா 50 வெள்ளிக்கு வாங்கிருவாங்க. நடுவர் குனிஞ்சு அந்தப் பிள்ளைகிட்ட "எப்படிமா செஞ்ச"ன்னு கேட்டாரு. அது பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, "அம்மா செஞ்சாங்க, நான் தூங்கிட்டேன்"னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, பரிசும் குடுத்துட்டாங்க. நம்ம பிள்ளைங்க செஞ்சதெல்லாம் கடைசி மேசையில. திரும்பி வர்ற வழியில வேன்ல ஒருத்தி கேட்டா, "டீச்சர் எங்கம்மாவுக்கு கைவேலை தெரியாதே, அப்ப நான் எப்பவுமே ஜெயிக்க முடியாதா?" நான் என்ன பதில் சொல்றது.

அதனால இந்தக் கண்காட்சியில பரிசே வேணாம்னு கேக்கறேன். வேணும்னா எல்லாருக்கும் ஒரு பாக்கெட் முறுக்கு குடுங்க. வீட்டுக்கு அனுப்பற வேலையும் இருக்காது, எல்லாமே கிளாஸ்லதான் செய்வோம். நீங்க உதவிக்கு வாங்க, தாராளமா வாங்க, ஆனா கைய பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். காது வயித்துல ஒட்டுனா ஒட்டட்டும், "அங்க இல்லடா"ன்னு புடுங்கி மாத்தாதீங்க, "இந்தக் காது என்ன கேக்குது"ன்னு வேணா கேளுங்க.

மத்தபடி என்னென்ன செய்யலாம்னு யோசிச்சு வச்சிருக்கேன்.

தாப்பிர் கண்டிப்பா, பன்னி மாதிரி உடம்பும் நீட்டு மூக்குமா இருக்குமே அந்தக் காட்டு மிருகம். மலாய்ல தெனுக்னும் சொல்வாங்க. கிச்சன் டவல் ரோல மூனா பிரிச்சு முன்னாடி கருப்பு, நடுவுல வெள்ளை, பின்னாடி கருப்பு, மூக்க மட்டும் கொஞ்சம் நீட்டி மடக்கி விட்டா போதும், அஞ்சு வயசுப் பிள்ளை தனியா செஞ்சிரும். செஞ்சு முடிச்சதும் ஜன்னல சாத்தி லைட்ட அணைச்சு கருப்புத் துணி மேல வச்சுப் பாக்கணும், தலையும் காலும் காணாம போயி நடுவுல வெள்ளைக் கல்லு ஒன்னு கெடக்கற மாதிரி தெரியும். புலி ஏமாறறதும் அப்படித்தான்னு சொல்வாங்க, ராத்திரி ரோட்டுல கார்காரங்களும் லேட்டா பாத்து மோதிடறாங்க, அது வருத்தமான பக்கம். குட்டி தாப்பிருக்கு இந்த கருப்பு வெள்ளையே கெடையாது, பழுப்பு உடம்புல வெள்ளைக் கோடும் புள்ளியும், தர்பூசணிக்கு காலு மொளைச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச மாசத்துல மாறிரும். பெரிசுக்கு பெயிண்ட், குட்டிக்கு பஞ்சுக்குச்சியில வெள்ளைப் புள்ளி. நாலு வயசுக் குழுவுக்கு குட்டிதான் லேசு.

போன வருசம் தாப்பிர மைதா பசையில ஒட்டுனோம். ஒரு கப் மாவுக்கு மூனு கப் தண்ணி, சிட்டிகை உப்பு, சின்ன நெருப்புல கிண்டுனா கண்ணாடி மாதிரி வரும், பிள்ளை வாயில வச்சாலும் பயமில்ல. ஒரே தப்பு, சனி ஞாயிறு லீவு முடிஞ்சு வந்து பாத்தா ரெண்டு தாப்பிருக்கு பின்னங்காலே இல்ல, எறும்பு வரிசை கட்டி ஜன்னல் வரைக்கும் போகுது. பிள்ளைங்க அழுதுச்சு. அப்ப நான் சொன்னேன், எறும்பத் தின்ன ஒருத்தர வேலைக்கு வைப்போம்னு. அப்படி வந்ததுதான் தெங்கிலிங், அதான் நம்ம எறும்புத்தின்னி. பல்லே கெடையாது அதுக்கு, பசை மாதிரி நீள நாக்கு, உடம்பு பூரா செதிலு, அந்த செதிலு நம்ம நகம் எதுல ஆனதோ அதுலதான் ஆனது. பயந்தா பந்தா சுருண்டுக்கும். வெள்ளைக்காரங்க சொல்ற பங்கோலின்ங்கற பேரே மலாய்க்காரங்க சுருளறத சொல்ற வார்த்தையிலேந்துதான் போச்சு. மருந்துன்னு நம்பி செதிலுக்காகவே புடிச்சு விக்கறாங்க, நம்ம நகத்த வெட்டித் தின்னா என்ன மருந்தோ அதே மருந்துதான் அதுவும். செய்யறதுக்கு முட்டை அட்டைய சின்ன சின்னதா கிழிச்சு வாலுலேந்து ஆரம்பிச்சு தலைப்பக்கமா ஒன்னு மேல ஒன்னா ஒட்டிட்டு வரணும். தலையிலேந்து ஆரம்பிச்சா செதிலு தலைகீழா நிக்கும். எங்களுக்கு இத சொல்லிக் குடுத்தது ஒரு தாத்தா, பேரனக் கூட்டிட்டுப் போக வந்தவரு வாசல்ல நின்னு பாத்துட்டு, "அத்தாப்புக் கூரை வேயற மாதிரி கீழேந்து போம்மா"ன்னாரு. அந்த தாத்தா இத படிச்சா, ஐயா இந்த வருசமும் வாங்க, நாற்காலி போட்டுத் தர்றேன்.

ஆந்தை விசயத்துல ஒரு சின்ன சண்டை வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். பேப்பர் தட்டுல ஆந்தை மூஞ்சி செஞ்சு வீட்டுக்கு அனுப்புனேன், மறுநாள் ஒரு பாட்டி அத பிளாஸ்டிக் பையில போட்டு வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டாங்க, வீட்டுக்குள்ள ஆந்தை ஆகாதாம். பாட்டிய நான் தப்பு சொல்லல, எங்க வீட்லயும் அப்படித்தான். மலாய்க்காரங்களும் புருங் ஹந்துன்னு பேய்ப்பறவைன்னுதான் பேரு வச்சிருக்காங்க. ஆனா பாட்டி, செம்பனைத் தோட்டத்துல கம்பத்து மேல பெட்டி பெட்டியா வச்சிருக்காங்களே அது யாருக்குன்னு நெனைக்கறீங்க? கூகைக்குத்தான். செம்பனைப் பழத்த எலி கடிச்சு நாசம் பண்ணுது, விசம் வச்சா செலவு, கூகை குடும்பம் நடத்துனா ராத்திரி பூரா எலி வேட்டை, சம்பளமும் இல்ல லீவும் இல்ல. அதோட மூஞ்சி அப்படியே வெத்தலை வடிவம், அந்தக் குழிஞ்ச மூஞ்சிதான் எலி அசையற சத்தத்த சேத்து காதுக்கு அனுப்புது. தட்ட வெத்தலை மாதிரி வெட்டி, கண்ணுக்கு ரெண்டு கருப்பு பொட்டு ஒட்டுனா போதும். வீட்டுக்கு வேணாம்னா சொல்லுங்க, ஆந்தைய மட்டும் கிளாஸ்லயே வச்சுக்கறேன்.

வௌவாலும் உண்டு. நம்ம குளுவாங் மாவட்டத்துக்கே பேரு குடுத்தது கெலுவாங்தானே, பெரிய பழந்தின்னி வௌவால். ரத்தமெல்லாம் குடிக்காது, பழமும் பூத்தேனும்தான். ரெக்கை விரிச்சா ஒன்னரை மீட்டர் வரைக்கும் போகும். மாஜோங் பேப்பர, அதான் பெரிய வெள்ளைத் தாள, ஒட்டி தரையில அந்த அளவுக்கு ரெக்கை வரைஞ்சு பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா படுக்க வச்சு அளந்து பாப்போம், எங்க கிளாஸ்ல எல்லாரையும் விட வௌவால்தான் நீளம். சின்னதா செய்யும்போது பிள்ளையோட கைய வச்சு வரைஞ்சு வெட்டி ரெண்டு பக்கமும் ரெக்கையா ஒட்டணும். இது சும்மா அழகுக்கு இல்ல, வௌவால் ரெக்கைங்கறதே விரலுதான், நீண்டு போன விரலுக்கு நடுவுல தோலு. ஒன்னு மட்டும், கீழ விழுந்து கெடக்கற வௌவால கையால தொடக் கூடாதுன்னு வீட்லயும் சொல்லி வைங்க.

காண்டாமிருகம் செய்யறதா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நம்ம பக்கத்து எண்டாவ் ரொம்பின் காட்டுல ஒரு காலத்துல இருந்துச்சு. நம்ம நாட்டுல கடைசியா மிச்சமிருந்த சுமத்ரா காண்டாமிருகம், சபா மாநிலத்துல இருந்த இமான், 2019 நவம்பர்ல செத்துப்போச்சு. நம்ம பிள்ளைங்க அப்ப பொறக்காதவங்க, இல்லன்னா கைக்குழந்தைங்க. செய்யலாம்னுதான் முடிவு பண்ணியிருக்கேன், ஒன்னே ஒன்னு, எல்லா பிள்ளையும் சேந்து, பெரிய பெட்டியில. அதுக்கு உடம்புல மயிர் உண்டு, செம்பழுப்பு நிறம், தேங்கா நார் ஒட்டுனா சரியா இருக்கும். நாரு எங்க வீட்லயே இருக்கு.

இப்ப நீங்க கொண்டாரக் கூடாத சாமான். மொதல்ல குண்டுமணி. போன தடவை ஒரு அக்கா ஆசையா ஒரு டப்பா குடுத்து விட்டாங்க, பிள்ளையாருக்கு வைக்கற மாதிரி மிருகத்துக்கும் கண்ணு வைக்கலாம்னு. செவப்புல கருப்பு பொட்டு, அழகுதான், ஆனா அந்த விதைய ஒரு பிள்ளை கடிச்சு முழுங்குனா உசுருக்கே ஆபத்து, கடும் விசம். ரப்பர் கொட்டையும் பச்சையா தின்னா விசம்தான், அதனால ஆறு வயசுக் குழுவுக்கு மட்டும், எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குவேன். ஆடற பிளாஸ்டிக் கண்ணும் வேணாம், மூக்குல போட்டுக்கிட்டு கிளினிக் ஓடுன கத ஒன்னு ஏற்கெனவே இருக்கு. ஹாட் குளூ கன் கிளாஸ் வாசலத் தாண்டக் கூடாது. டாய்லெட் ரோல் அருவருப்பா இருக்குன்னு சிலர் சொன்னீங்க, சரி, வேணாம், கிச்சன் டவல் ரோல், அலுமினியம் தாள் ரோல் இருந்தா போதும், ரெண்டா வெட்டிக்கலாம்.

கிட்டுக்கு ஒதுக்குன காசு கிட்டத்தட்ட 376 வெள்ளி. அதுல பாதிகூட எனக்கு வேணாம். முனை மழுங்குன கத்தரிக்கோல் 20 வாங்கிக் குடுங்க, இப்ப இருக்கறது பாதி துருப்புடிச்சு பேப்பர வெட்டாம மெல்லுது. அதுல ரெண்டு இடதுகைக் கத்தரிக்கோலா இருக்கட்டும், ஏன்னா கிளாஸ்ல ரெண்டு பேரு இடதுகை, சாதா கத்தரியில வெட்டுனா அவங்களுக்கு கோடே தெரியாது, நாங்களும் இத்தன நாளா "ஒழுங்கா வெட்டு"ன்னு அவங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம், எனக்கே வெக்கமா இருக்கு. போஸ்டர் கலர்ல கருப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூனு பெரிய பாட்டில். ரெண்டு வெள்ளி கடையிலயே பேப்பர் தட்டும் கெடைக்கும். மிச்ச காச அடுத்த வருசம் பிள்ளைங்கள மிருகக்காட்சிசாலைக்கு கூட்டிட்டுப் போக பஸ்ஸுக்கு வைங்க, ஒட்டகச்சிவிங்கிய அங்க போயி நேர்லயே பாத்துக்கட்டும்.

தலைவர் அண்ணே, ஆர்டர் ஏற்கெனவே போட்டுட்டீங்கன்னா எனக்கு போன் பண்ணுங்க, கேன்சல் பண்ணத் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி நம்ம குரூப்லயே இருக்கா. மத்தவங்க திங்கக்கிழமை பிள்ளைய விட வரும்போது ரோலும் முட்டை அட்டையும் கொண்டாந்து வாசல்ல இருக்கற நீலக் கூடையில போட்டுருங்க. முட்டை ஒழுகி காஞ்ச அட்டை வேணாம், எறும்பு சீக்கிரமே வந்துரும்.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களோட டீச்சர்